எதைப் பிடித்துத் தாக்குப்பிடித்தோம்

"நீங்க திடமான ஆள், டீச்சர். தாங்கிக்கொள்ளுவீங்க." 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இந்த வசனத்தைத் தொலைபேசியில் எத்தனை பேரிடமிருந்து கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. என் கணவர் கொரோனாத் தொற்றினால் காலமாகி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு ஒக்டோபர் முதலாம் திகதி வரை நீடித்தது. கல்லடியில் எங்கள் வீட்டுப் படலை பூட்டப்பட்டிருக்க, மகளும் நானும் உள்ளே இருந்தோம். அழைத்தவர்கள் அனைவரும் அன்பினால்தான் அழைத்தார்கள் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் "ஓம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்த ஒவ்வொரு தடவையும், என்னிடம் இருப்பதாக அவர்கள் நம்பிய அந்தத் திடத்தை நான் உள்ளே தேடிப் பார்த்தேன். அது அங்கே இருக்கவில்லை. சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றதுதான் நினைவில் இருக்கிறது.

இன்றைக்கு நான் ஓரளவு நன்றாக இருக்கிறேன். பாடசாலைக்குப் போகிறேன், சிரிக்கிறேன், உறங்குகிறேன். அதனால் "எப்படி மீண்டு வந்தீர்கள்" என்று சிலர் கேட்கிறார்கள்; அண்மையில் கணவனை இழந்த முன்னாள் மாணவி ஒருத்தி அழுதுகொண்டே கேட்டாள். அவளுக்கு அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. ஆறுதலாக யோசித்துச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பகுதியில் நடந்த கருத்தரங்குகளில் "மீண்டெழும் தன்மை", "தாங்குதிறன்" என்ற சொற்களைப் பலகையில் எழுதிப் போட்டார்கள். அவை பிழையான சொற்கள் அல்ல. ஆனாலும் எங்கள் ஊர்ச் சனம் அன்றாடம் சொல்லுவது "தாக்குப்பிடிக்கிறது" என்ற சொல்லைத்தான். எனக்கு அந்தச் சொல்லில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அதற்குள் "பிடித்தல்" இருக்கிறது. திடம் என்றால் அது ஒருவருக்குள் கருங்கல்லைப் போல இருக்க வேண்டிய பொருள். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிடித்தல் என்றால் அது ஒரு செயல். பிடிப்பதற்கு வெளியே ஏதாவது இருக்கவும் வேண்டும். என்னைச் சுற்றித் தாக்குப்பிடித்த மனிதர்கள் எதை எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பின்னோக்கிப் பார்த்தபோதுதான் என்னுடைய விடயமும் எனக்கு விளங்கியது.

முதலில் அம்மா. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது எனக்கு ஆறு வயது. தொள்ளாயிரம் பேருக்கு மேல் இறந்த அந்த இரவை எங்கள் பகுதியில் மூத்தவர்கள் இன்றைக்கும் ஆண்டுக் கணக்கின் எல்லைக்கல்லாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு கல்யாணம் நடந்த காலத்தைக் கேட்டால் "சூறாவளிக்கு முந்தி" என்றோ "சூறாவளிக்குப் பிறகு" என்றோதான் பதில் வரும். மறுநாள் விடிந்தபோது கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்னைகள் ஒரே பக்கமாக விழுந்து கிடந்தன. எங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. அம்மா செய்த முதல் வேலை எங்கள் நால்வரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் சொல்லி அழைத்ததுதான். நாங்கள் எதிரிலேயே நிற்கிறோம், ஆனாலும் ஒவ்வொருவரும் "ஓம்" என்று சொல்லும்வரை அடுத்த பெயரை அவர் கூப்பிடவில்லை. பிறகு மூன்று கல்லை வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, ஈர விறகோடு மல்லாடி, தேயிலை கொதிக்க வைத்தார். அந்தத் தேநீர் கொதிப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் எடுத்திருக்கும். அதுவரைக்கும் அவர் நிமிர்ந்து விழுந்த மரங்களைப் பார்க்கவேயில்லை. அம்மா துணிச்சல்காரி என்று பிற்காலத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அவர் இருட்டுக்கும் இடிக்கும் பயந்த சுபாவம் கொண்டவர். அன்று காலை அவருக்குக் கையில் ஒரு வேலை இருந்தது, பதில் சொல்ல நான்கு பிள்ளைகள் இருந்தோம்.

இரண்டாவது என் மாமா. இவரைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை நாள். கிழக்குக் கரையில் திருகோணமலை முதல் பொத்துவில் வரை கடல் புகுந்த அந்தக் காலையில், இலங்கையிலேயே அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அங்கு மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பில் நாவலடியும் கல்லடியும் கல்லாறும் பட்ட பாட்டை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடற்றொழிலாளியான மாமா தன் மனைவியையும் இளைய மகளையும் தோணியையும் வீட்டையும் அரை மணித்தியாலத்துக்குள் இழந்தார். மாமியின் உடல் கிடைத்தது. மகளின் உடல் கிடைக்கவில்லை.

சனவரி மாத நடுப்பகுதியில் நான் அவரைத் தற்காலிகக் கொட்டிலில் பார்க்கப் போனபோது, தாழம்பற்றைக்குள் சிக்கிக் கிடந்து எடுத்து வந்த வலையொன்றைக் கூரைத் தடியில் கட்டித் தொங்கவிட்டு, அதன் மறு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்து வைத்துக்கொண்டு, பொத்திக் கொண்டிருந்தார். வலை யாருடையது என்று தெரியாது. கடலுக்குப் போகத் தோணி கிடையாது. தோணி இருந்திருந்தாலும் கடலின் பக்கம் தலைவைத்துப் படுக்கவே அந்த மாதத்தில் எவரும் விரும்பவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையகலக் கிழிசல் ஒன்றை எடுத்து, பொத்தத் தொடங்குவார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, கத்தியால் அதைச் சுற்றியிருந்த நூல்களையும் அறுத்து அதை இன்னும் பெரிதாக்கினார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். "ஓட்டையை முதல்ல பெரிசாக்கணும் மனே. பிய்ஞ்ச கண்ணில முடிச்சு நிற்காது" என்றார். அன்று அவர் என்னோடு பேசிய முழுப் பேச்சும் அவ்வளவுதான். நைந்த நூல் அனைத்தும் போய், நல்ல முடிச்சுகள் மட்டும் விளிம்பில் மிஞ்சிய பிறகு, மேல் மூலையிலிருந்து தொடங்கி, கண்ணின் அளவு மாறாதபடி ஒரு சிறு மூங்கில் துண்டை வைத்து வைத்து, ஊசியை நுழைத்து இழுத்து, விரலால் அழுத்தி முடிச்சிட்டு, ஒவ்வொரு கண்ணாக இறங்கி வந்தார். பொழுது பட்டு, நூல் தெரியாமல் போகும்வரைக்கும் செய்தார். மறுநாளும் அதையே செய்திருக்கிறார்.

அந்த ஓட்டையைப் பெரிதாக்கிய காட்சியை நான் பல ஆண்டுகளாக ஒரு வலைத்தொழில் விடயமாகவே நினைவில் வைத்திருந்தேன். என் கணவர் இறந்த பிறகுதான் அது எனக்கு வேறு விதமாகப் பட்டது. துயரம் வந்தவுடன் அதை உடனடியாக இழுத்து மூடிவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் அவசரப்படுகிறோம். அழுதால் "அழாதே" என்கிறோம். பிள்ளைகளுக்கு முன்னால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் முதல் பத்து நாட்களும் மகளுக்கு முன்னால் திடமாக நடித்தேன், அவளும் எனக்கு முன்னால் திடமாக நடித்தாள். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, ஒரே வீட்டுக்குள் இரண்டு தனிமைகளாக இருந்தோம். ஒரு நாள் அலுமாரியைத் திறந்தபோது அவருடைய சட்டையின் மணம் வந்து நான் உடைந்து போனேன். மகள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, முதற்தடவையாக, வாய்விட்டு அழுதாள். அன்றிரவுதான் இருவரும் ஒன்றாக உறங்கினோம்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. துயரத்தைப் பேச விடுவது வேறு, பேச வைப்பது வேறு. சுனாமிக்குப் பின்னர் முதற் கிழமைகளிலேயே மனநல உதவி என்ற பெயரில் பலர் முகாம்களுக்கு வந்தார்கள். அவர்களுள் உண்மையாகவே உதவியவர்கள் உண்டு. ஆனால் அலையைப் படமாக வரையச் சொல்லி அதே பிள்ளைகளிடம் ஒரு குழு வந்து போன பின் இன்னொரு குழு வந்து கேட்டதையும், நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லும்படி ஒரு தாயிடம் அந்நியர்கள் முன்னிலையில் கேட்டதையும் நான் கண்ணால் கண்டேன். பேரனர்த்தம் நடந்த உடனேயே எல்லோரையும் இருத்தி, நடந்ததை ஒரே அமர்வில் விலாவாரியாகச் சொல்ல வைப்பது பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை என்பதும், சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளன. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி வேறு பாதையைக் காட்டுகிறது: நிலைமையைப் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடும் உறவோடும் இணைத்துவிடு. கேட்பது என்றால் அவர் பேசினால் கேட்பது. பேசாவிட்டால் பக்கத்தில் இருப்பது. கொட்டிலில் அன்றைக்கு மாமாவுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாமலேயே நான் செய்தது அதுதான்.

மாமாவைத் தாக்குப்பிடிக்க வைத்தது வலை மட்டும் அல்ல. எங்கள் ஊர்களில் செத்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அயலவர்கள் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுகிறார்கள். எட்டாம் நாள் ஒரு கடமை, முப்பத்தோராம் நாள் ஒரு கடமை, ஆண்டுத் திவசத்துக்கு ஒரு கடமை. சின்ன வயதில் இவையெல்லாம் செலவும் சிரமமும் என்று நான் எண்ணியதுண்டு. என் வீட்டில் அவை நடக்க முடியாமல் போனபோதுதான் அவை எவ்வளவு ஆழமான ஏற்பாடு என்று உணர்ந்தேன். அழுவதற்கு அவை நேரம் ஒதுக்குகின்றன. அந்த நேரம் முடிந்ததும் எழும்பிக் குளிக்கச் சொல்கின்றன. இழந்தவர் தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்க வேண்டிய சுமையை அவரிடமிருந்து எடுத்து ஊரின் தோளில் வைக்கின்றன. உடலே கிடைக்காத மகளுக்காக என்ன செய்வது என்று தெரியாமல் மாமா தவித்தபோது, ஊர்ப் பெரியவர்கள் அவளுடைய பள்ளிக்கூடச் சட்டையை வைத்துக் கிரியை செய்வித்தார்கள். யுத்த காலத்தில் பிள்ளைகள் காணாமலாக்கப்பட்ட தாய்மார் அம்மன் கோவில்களில் தெய்வமாடுகிறவர்களிடம் போய் வாக்குக் கேட்டு அழுததையும் இதே இடத்தில்தான் நான் வைத்துப் பார்க்கிறேன். வேறெங்கும் வாய் திறக்க முடியாத ஆண்டுகளில், அந்த மண்டபத்தில் மட்டும் அவர்களால் தங்கள் பிள்ளையின் பெயரை உரத்துச் சொல்ல முடிந்தது. பற்றிசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் தங்கி இதையே ஆராய்ந்திருக்கிறார்.

என் கணவரின் உடலை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முகத்தைப் பார்த்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கொரோனாவால் இறந்தோரைத் தகனமே செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தால் நெஞ்சு வெந்த முஸ்லிம் குடும்பங்களையும், 2021 மார்ச்சில் அடக்கம் அனுமதிக்கப்பட்ட பிறகும் தூர ஊர்களிலிருந்து ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டுவரப்பட்டு உறவினர் சூழாமல் அடக்கப்பட்டதையும் நினைக்கும்போது, எங்களுக்கு நடந்தது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்று தெரியும். இழப்பு ஒரு சுமை. இழந்த பிறகு மனிதர் வராமல் போவது அதைவிடப் பெரிய சுமை. நான் இரண்டையும் தனித்தனியாக உணர்ந்திருக்கிறேன்.

இனி, என்னை மீட்டவை எவை என்று சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலை ஏழு மணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். கொடிக்கம்பின் நுனியில் ஒரு பையை மாட்டி நீட்டுவார். அதற்குள் பிட்டும் சம்பலும், சில நாட்களில் மீன்குழம்பும் இருக்கும். முதல் நாள் நான் அழுது, ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "மறுகா கதைப்பம் டீச்சர், முதல்ல சூட்டோட சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் ஒரு வாய் வைக்கும்வரை வேலியிலேயே நின்றார். தாங்குவீர்கள் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவருடைய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே நான் எழும்பினேன். எழும்பிய பிறகு முகம் கழுவினேன். முகம் கழுவியதால் முற்றத்தைக் கூட்டினேன். ஒரு கிழமைக்குப் பிறகு பாத்திரம் கழுவும் நேரம் காலை ஆறரை என்று நிலைத்துவிட்டது. அந்த ஒரு நேரம் நிலைத்ததும் அதைச் சுற்றி மற்ற நேரங்களும் மெல்ல மெல்ல வந்து நின்றன.

மனம் சரியான பிறகு வேலை செய்வோம் என்று காத்திருந்தால் மனம் சரியாவதில்லை. சின்ன வேலை ஒன்றை முதலில் செய்தால் மனம் பின்னால் வருகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இந்த முறை நன்கு நிறுவப்பட்ட ஒன்று என்று பிற்பாடு அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் முற்றம் கூட்டிய காலையும் கூட்டாத காலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான். உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, வைத்தியசாலை வாசலில் நின்ற காட்சி திரும்பத் திரும்ப ஓடும். அந்நேரத்தில் எடுக்கும் எந்த முடிவையும் நம்புவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். மூச்சை உள்ளெடுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி, எண்ணி எண்ணி விடுவேன். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிவதும் உடல் ஆறுவதும் நரம்பு மண்டலத்தின் இயல்பு. எல்லா இரவும் அது பலிக்கவில்லை. பலித்த இரவுகள் போதுமானவையாக இருந்தன. ஒக்டோபர் பிற்பகுதியில் பாடசாலைகள் கட்டங்கட்டமாகத் திறக்கத் தொடங்கியபோது, முதல் நாள் வகுப்பில் ஒரு சின்னப் பையன் எழும்பி, "டீச்சர், எங்கட வாப்பம்மாவும் மௌத்தாப்போனாங்க" என்று சொன்னான். நான் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினேன். அன்று பாடம் நடத்தினேன், நன்றாகவே நடத்தினேன்.

இந்த வேலிக்கு அப்பால் நின்ற ஒருவரின் பெறுமதியை உலகின் மறுகோடியில் ஒரு பெண்மணி நாற்பது ஆண்டுகள் செலவழித்து ஆராய்ந்திருக்கிறார் என்று பின்னர் வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எம்மி வேர்ணர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் என்று பல இடர்கள் ஒன்றாகச் சூழ்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, தாய் தகப்பனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அம்மம்மாவோ ஆசிரியரோ அயலவரோ, கைவிடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது அவர்கள் வாழ்க்கையில் இருந்தது என்பதாகும். இத்துறையின் இன்னோர் ஆய்வாளரான ஆன் மாஸ்டன் 2001இல் எழுதும்போது, மீண்டெழுதல் அபூர்வமான மனிதரின் அபூர்வமான குணம் அல்ல, உறவு, பழக்கம், நம்பிக்கை போன்ற சாதாரண விடயங்கள் ஒழுங்காக இயங்குவதன் விளைவு என்ற கருத்தை முன்வைத்தார். கொடிக்கம்பில் தொங்கிய பிட்டுப் பையைப் பார்த்தவளுக்கு இதை எவரும் நிரூபிக்கத் தேவையில்லை.

ஆனால் இதை இத்தோடு நிறுத்திவிட்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவளாவேன். பிடிப்பதற்கு வெளியே ஏதாவது இருக்க வேண்டும் என்றால், அதை வெளியிலிருந்து பிடுங்கிவிடவும் முடியும். கிழக்கில் நாங்கள் தாய்வழிக் குடி மரபைக் கொண்டவர்கள்; வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வார், அக்காவும் தங்கையும் அம்மாவும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ இருப்பார்கள். கணவன் இறந்தாலும் விட்டுப் போனாலும் ஒரு பெண் தன் சொந்தக் கூரைக்குக் கீழே, தன் தாய் சகோதரிகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள் என்பது சிறிய பலம் அல்ல. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றில் "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் ஆண்களுக்கே உறுதி எழுதப்பட்டதும், மீள்குடியேற்றத்தில் அக்காவும் தங்கையும் வெவ்வேறு திட்டங்களுக்குச் சிதறிப் போனதும், அந்தப் பெண்களின் மனவுறுதிக்கு எவ்வளவு கேடு செய்தன என்பதை எந்தக் கருத்தரங்கிலும் எவரும் பலகையில் எழுதவில்லை. நுண்கடன் விடயமும் அப்படியே. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரரை எதிர்கொள்ளும் ஒரு தாயிடம் போய் மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது. அவளுக்கு முதலில் தேவை நியாயமான வட்டியும் தவணையும். தாங்கும் திறனைப் புகழ்ந்தபடியே ஒருவரின் தலையில் மேலும் மேலும் ஏற்றுவது எங்கள் பெண்களுக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது.

நோயையும் மனவுறுதிக் குறைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. இரண்டு கிழமைகளுக்கு மேலாக, நாளின் பெரும் பகுதி, எதிலும் பிடிப்பில்லாமல், உறக்கமும் பசியும் கெட்டு ஒருவர் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காய்ச்சலுக்குப் போவதைப் போலவே அதற்கும் வைத்தியரிடம் போக வேண்டும். இழப்பு நடந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துயரம் சற்றும் தளராமல் வாழ்க்கையை முடக்கினால் அதுவும் சிகிச்சை உள்ள ஒரு நிலை என்று 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும்.

படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டுகளில் நாட்டில் யுத்தமும் சுனாமியும் வறுமையும் இருந்தன; எங்கள் மனங்கள் திடீரென்று திடமாகிவிடவில்லை. குறைவுக்கு முதன்மையான காரணமாக ஆய்வாளர்கள் காண்பது கொடிய விவசாய நஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டதைத்தான். ஒரு கொடிய கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாததால் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கணத்தைக் கடந்து இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே பூச்சிமருந்துப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டிய இடத்தில் வையுங்கள். வீட்டில் எவரேனும் மனமுடைந்திருக்கும் காலத்தில் வளவிலேயே வைக்காதீர்கள். முயன்று பிழைத்தவர் கோழை, இறந்தவர் கோழை என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அந்தக் கணம் கடக்கக்கூடியது. கடப்பதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

என் முன்னாள் மாணவிக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: உனக்குள்ளே திடத்தைத் தேடாதே மகள், இப்போது அங்கே அது இருக்காது. காலையில் செய்வதற்கு ஒரே ஒரு வேலையை வைத்துக்கொள். அழுகை வந்தால் பிள்ளைக்கு முன்னால் அழு. சாப்பாடு கொண்டு வருகிறவர்களை "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பாதே. பாத்திரத்தைக் கழுவிக் கொடு. போன வெள்ளிக்கிழமை நேரில் போய் இவற்றைச் சொல்வதற்காகக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது அவள் பேசும் நிலையில் இருக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய்ச் சோறு வடித்து, பருப்பும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, அவள் மகனுக்குத் தீத்திவிட்டேன். என் பாத்திரமொன்றை வேண்டுமென்றே அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மாமாவுக்கு இப்போது எண்பது வயதாகிறது. சுனாமிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொருவரின் தோணியில் கடலுக்குப் போகத் தொடங்கி, பதினைந்து ஆண்டுகள் போனார், இப்போது போவதில்லை. கரையிலிருந்து இளையவர்கள் கொண்டுவந்து போடும் வலைகளைத் திண்ணையில் இருந்தபடி பொத்திக் கொடுக்கிறார். மகளைப் பற்றி அவர் இன்றுவரை என்னோடு பேசியதில்லை. டிசம்பர் 26ஆம் திகதி மட்டும் வேலை செய்ய மாட்டார். கண்பார்வை குறைந்துவிட்டது. வலைக்கண்ணின் அளவை விரலால் தொட்டே அறிந்துகொள்கிறார், ஆனால் ஊசியில் நூல் சுற்றுவதற்குத்தான் சிரமப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நான் போய், அந்தக் கிழமைக்குத் தேவையான ஊசிகளுக்கு நூல் சுற்றி, தகர டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டு வருகிறேன். கடைசியாகப் போனபோது ஏழு ஊசிகள் சுற்றினேன். இந்தக் கிழமை வலை கூட, பத்து ஊசியாவது வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்.